ஒரு பெட்டிக்கு எத்தனை கிராம்?

கடன் கேட்டு வரும் சின்னத் தொழில்காரர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்விக்கு எங்கள் கிளையில் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு. "உங்க பெட்டி ஒண்ணுக்கு ஷ்ரிங்க் ஃபிலிம் எத்தனை கிராம் ஆகும்?" (கேட்பது இந்தியிலும் அரைகுறை குஜராத்தியிலும்தான். உங்களுக்காகத் தமிழில்.) எதிரில் இருப்பவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பக்கத்து சீட் நண்பர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "தோசைக் கடைக்குக் கடன் கேட்டு வந்தா, ஒரு தோசைக்கு எத்தனை கிராம் உப்புன்னு கேப்பியா?" என்றார்.

உப்பு கேட்கமாட்டேன். உப்பு தீர்ந்தால் எதிர்க்கடையில் கிடைக்கும், மிஞ்சினால் நாளைக்கு ஆகும். ஷ்ரிங்க் ஃபிலிம் அப்படி இல்லை. உங்கள் பெட்டி அளவுக்கு வாங்கிய ரோல் அடுத்த வீட்டுக்காரர் பெட்டிக்கு ஆகாது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அது தீர்ந்துபோனால், காலுப்பூர் முழுக்க அலைந்தாலும் நீங்கள் கேட்கும் அகலத்தில் கிடைக்கும் என்று உறுதி கிடையாது.

ஷ்ரிங்க் ஃபிலிம் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: பொருளின் மேல் தளர்வாகச் சுற்றி, சூடு காட்டினால் சுருங்கி, தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள். புத்தகம், பரிசுப் பெட்டி, ஊறுகாய் ஜாடியின் மூடி என்று எல்லாவற்றிலும் பார்த்திருப்பீர்கள்.

நம்மாட்கள் வெளிமாநிலத்தில் நாலு குடும்பம் சேர்ந்து இருந்தால் போதும், அதில் ஒரு வீட்டில் இட்லிப் பொடி அரைத்து விற்பார்கள். இங்கே அகமதாபாத்தில் மணிநகர் பக்கம் போனால் பொடி, ஊறுகாய், அப்பளம், முறுக்கு எல்லாம் வீட்டிலேயே நடக்கிறது. அந்தக் காலத்தில் துணி மில் வேலைக்கு வந்த குடும்பங்கள். மில்கள் மூடின, இவர்கள் ஊர் திரும்பவில்லை. கைப்பக்குவம் அருமையாக இருக்கும். மிளகாய் எத்தனை, பருப்பு எத்தனை, எண்ணெய் எத்தனை என்று கிராம் சுத்தமாகச் சொல்வார்கள். பேக்கிங் என்று வந்தால் மட்டும், "அது ஒரு ரெண்டு மூணு பர்சென்ட் ஆகும் தம்பி" என்று முடித்துவிடுவார்கள்.

இந்த 'ரெண்டு மூணு பர்சென்ட்' எங்கிருந்து வருகிறது? ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தயாரித்துக் கொடுப்பவரிடமிருந்துதான். போன வாரம் சோப்புக் கம்பெனிக்குப் போட்ட அதே வரியை இந்த வாரம் அப்பளத்துக்கும் போட்டிருப்பார். நாங்கள் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. நாயக் கமிட்டி முறைப்படி சின்னத் தொழிலுக்கு நடைமுறை மூலதனம் என்பது எதிர்பார்க்கும் விற்பனையில் கால் பங்கு. அதில் விற்பனையின் 20 சதவீதம் வங்கி கொடுக்கும், 5 சதவீதம் அவர் கைக்காசு. கணக்கு அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பேக்கிங், கரண்ட், ஆட்டோ வாடகை எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கடன் கொடுக்க அது வசதியான முறை. தொழில் நடத்த உதவாது. கிராம் கணக்கைத் தொழில் செய்பவர்தான் போட வேண்டும், அதுவும் ரேட் விசாரிப்பதற்கு முன்னால், கடன் கேட்பதற்கு முன்னால் போட வேண்டும் என்பது என் கட்சி.

சரி, எப்படிப் போடுவது?

ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். நான்கு வகைப் பொடி பாக்கெட்டுகள் அடுக்கிய அட்டைப்பெட்டி. நீளம் 24 சென்டிமீட்டர், அகலம் 16, உயரம் 6. பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் உடனே ஆறு பக்கங்களின் பரப்பையும் கூட்டி, 1248 சதுர சென்டிமீட்டர் என்று விடை சொல்லிவிடுவார்கள். கணிதத்தில் முழு மதிப்பெண். பேக்கிங்கில் முட்டை.

ஏனென்றால் ஃபிலிம் ஆறு துண்டாக வருவதில்லை. பெரும்பாலும் நடுவில் மடித்த ரோலாக வரும், சென்டர் ஃபோல்ட் என்பார்கள். இரண்டாக மடித்த போர்வைக்குள் பெட்டியைச் செருகுவது போல வைத்து, திறந்திருக்கும் பக்கங்களைச் சீல் போட்டு வெட்ட வேண்டும். மேலே இருக்கும் படலம் பெட்டியின் அகலத்தை மூடி, இரண்டு ஓரத்திலும் பாதி உயரம் கீழே இறங்க வேண்டும். இரண்டு பாதி சேர்ந்தால் ஒரு உயரம். கீழ்ப்படலமும் அதே மாதிரி மேலே ஏறி வரும். ஆக, மடித்த ரோலின் அகலம் என்பது பெட்டியின் அகலம் கூட்டல் உயரம், அதோடு சீல் போடவும் சுருங்கவும் ஒரு 5 சென்டிமீட்டர். நம் பெட்டிக்கு 16, 6, 5 சேர்த்து 27. வெட்டும் நீளமும் இதே பாணிதான்: 24, 6, 5 சேர்த்து 35.

27 சென்டிமீட்டர் ரோல் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். அவரிடம் இருப்பது 12 அங்குலம், அதாவது 30 சென்டிமீட்டர். அதையே எடுத்துக்கொள்வோம். 30 பெருக்கல் 35, இரண்டு படலம் என்பதால் இன்னொரு முறை இரண்டால் பெருக்கினால் 2100 சதுர சென்டிமீட்டர். சதுர மீட்டரில் 0.21. பையன் போட்ட 1248 எங்கே, இந்த 2100 எங்கே? கிட்டத்தட்ட எழுபது சதவீதம் கூட. கணக்கில் 'தெரியாமல்' நஷ்டம் வருவது இங்கேதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே பெட்டியைப் படுக்க வைக்காமல் 24 சென்டிமீட்டர் உயரமாக நிறுத்திவைத்துச் சுற்றினால் என்ன ஆகும்? அகலத்துக்கு 6, 24, 5 சேர்த்து 35. நீளத்துக்கு 16, 24, 5 சேர்த்து 45. இரண்டு படலத்துக்கு 3150 சதுர சென்டிமீட்டர். படுக்க வைத்தால், சரியான 27 அகல ரோல் கிடைத்திருந்தால், 1890தான். பெட்டியின் மிகக் குறைந்த அளவு எதுவோ அது உயரமாக இருக்கும்படி வைக்க வேண்டும். உயரம் மட்டும்தான் இரண்டு பக்கமும் போய்ச் சேர்கிறது, அதனால் அதற்குத்தான் இரட்டைச் செலவு. பைசா முதலீடு இல்லாத சிக்கனம் இது.

அடுத்தது கிலோ. ஃபிலிமைக் கிலோவில் வாங்குகிறோம், சதுர மீட்டரில் செலவழிக்கிறோம். இரண்டையும் இணைக்க ஒரு சுலப வழி உண்டு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மைக்ரான் தடிமனுக்குத் தண்ணீரைப் பரப்ப முடிந்தால் அதன் எடை சரியாக ஒரு கிராம். பிளாஸ்டிக் என்பதால் அதன் அடர்த்தியால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். பாலியோலிஃபின் என்ற வகைக்கு அடர்த்தி 0.92, தண்ணீரைவிட லேசு. பிவிசி கனமானது, 1.33 என்று வைத்துக்கொள்ளலாம். கடையில் கேஜ் என்று சொன்னால் நாலால் வகுத்தால் ஏறக்குறைய மைக்ரான். 75 கேஜ் என்றால் 19 மைக்ரான், 100 கேஜ் என்றால் 25.

இப்போது பாருங்கள். 25 மைக்ரான் பிவிசி ஒரு சதுர மீட்டர் 33 கிராமுக்குச் சற்று மேல். நம் பெட்டிக்கு 0.21 சதுர மீட்டர், ஆக 7 கிராம். 19 மைக்ரான் பாலியோலிஃபின் ஒரு சதுர மீட்டர் பதினேழரை கிராம். பெட்டிக்கு 3.67 கிராம். ஒரு கிலோ பிவிசியில் 143 பெட்டி சுற்றலாம், ஒரு கிலோ பாலியோலிஃபினில் 272.

கணக்குக்காக பிவிசி கிலோ 130 ரூபாய், பாலியோலிஃபின் 220 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடையில் நிற்கும்போது 130தான் மலிவாகத் தெரியும். யாராக இருந்தாலும் அதைத்தான் வாங்கத் தோன்றும். பெட்டிக் கணக்குப் போட்டால் பிவிசி 91 பைசா, பாலியோலிஃபின் 81 பைசா! கிலோவுக்கு 90 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கியது பெட்டிக்குப் பத்து பைசா மலிவு. கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவர் தொழில் கிலோ விற்பது. பெட்டிக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது நம் வேலை.

பிவிசியில் வேறு ஒரு தொல்லையும் உண்டு. சீல் கம்பி ரொம்பச் சூடாகிவிட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், கம்பியையும் அரிக்கும். ஜன்னல் இல்லாத சமையலறை மூலையில் உட்கார்ந்து நாள் முழுக்க அதைச் செய்யும் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவை எந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் நான் பார்த்ததில்லை.

வரியையும் சேருங்கள். பிளாஸ்டிக் ஃபிலிமுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர் என்றாலோ காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் என்றாலோ அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது. 220 என்பது உங்களுக்கு 259 ரூபாய் 60 பைசா.

இதெல்லாம் பைசா சமாச்சாரம்தானே, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பது புரிகிறது. தங்கமணியும் இதைத்தான் கேட்டாள். அதற்குப் பதிலாக ஒரு விஷயம் சொல்கிறேன்.

மணிநகரில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, வயது ஐம்பதைத் தாண்டியவர். பொடி வியாபாரம். சில வருடங்களுக்கு முன்பு அவருக்கு தீபாவளி பரிசுப் பெட்டி ஆர்டர் வந்தது, 5000 பெட்டி. அவருக்கு அது பெரிய ஆர்டர். யாரோ ஒருவர் வந்து, இத்தனை பெட்டிக்கு எல்-சீலரும் ஷ்ரிங்க் டனலும் இல்லாமல் முடியாது என்று சொல்லி, ரெண்டு லட்ச ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா என்னிடம் வந்தது தொழில் கடனுக்குக்கூட இல்லை. "தம்பி, நகையை வெச்சா இன்னிக்கே கெடைக்குமா?" என்று கேட்டார். மகள் கல்யாணத்துக்கு என்று எடுத்துவைத்திருந்த நகை.

நான் பெட்டியைக் காட்டச் சொன்னேன். மேலே சொன்ன அதே பெட்டிதான். இன்ஜினியரிங் படிக்கும் மகன் ஆறு பக்கம் கூட்டிப் போட்ட கணக்குப்படி 11 கிலோ ஃபிலிம் போதும் என்று எழுதி வைத்திருந்தான். உண்மைக் கணக்கில் பெட்டிக்கு 3.67 கிராம், கிழிசல், ஓட்டை, ஆரம்பத் தடுமாற்றம் எல்லாவற்றுக்கும் பத்து சதவீதம் சேர்த்தால் 4 கிராம். 5000 பெட்டிக்கு 20 கிலோ. 11 கிலோவை நம்பி இறங்கியிருந்தால் 2700, 2800 பெட்டியிலேயே ரோல் காலி.

அந்த 20 கிலோவுக்கு வரியோடு 5192 ரூபாய். அதைச் சுற்ற ரெண்டு லட்ச ரூபாய் மெஷின்! அப்புறம் நாள் கணக்கைப் பார்த்தோம். டெலிவரிக்கு 40 நாள் இருந்தது. நாளைக்கு 125 பெட்டி. 16 அங்குல ஹேண்ட் சீலர் ஒன்று (வெட்டு நீளம் 35 சென்டிமீட்டர் என்பதால் 12 அங்குலம் பத்தாது), ஹீட் கன் ஒன்று. ஒரு பெட்டிக்கு இரண்டு நிமிடம் என்றால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. மத்தியானம் இரண்டு பேர் உட்கார்ந்தால் முடிகிற வேலை. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நகை வேணாமா?" என்றார். வேண்டாம் என்றேன். எங்கள் கிளையின் அந்த மாத நகைக்கடன் டார்கெட்டில் ஒரு கணக்குக் குறைந்தது. (மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, கவலையில்லை.)

ஃபிலிம் செலவில் மிச்சமாகும் சில நூறு ரூபாய் எனக்குப் பெரிதில்லை. ஒரு பெட்டிக்கு எத்தனை கிராம் என்று தெரிந்தால்தான் எத்தனை கிலோ, எத்தனை நாள், எந்த மெஷின், எவ்வளவு கடன் என்று வரிசையாகத் தெரியும். முதல் எண் தெரியாதவரிடம் யார் வேண்டுமானாலும் எந்த மெஷினையும் விற்றுவிடலாம். மெஷினே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு ஆயிரம் பெட்டி வருஷம் முழுக்கப் போகும் என்றால் கண்டிப்பாக வாங்குங்கள், நானே கடன் போட்டுத் தருகிறேன்.

அக்காவின் திட்டத்தில் மைசூர்பாக் பெட்டியும் இருந்தது. அதற்கு ஃபிலிம் எத்தனை கிராம் என்று கேட்டார். சைபர். ஸ்வீட் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பாக்கெட் இவற்றின் மேல் பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றுவது 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. 2021 ஆகஸ்டில் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மைத் திருத்த விதி அது. ஸ்ட்ரா, தட்டு, கரண்டி தடையானது எல்லோருக்கும் தெரிகிறது, இந்த ஒன்று மட்டும் பலருக்குத் தெரியவில்லை. ரோல் வாங்கிவிட்டு அப்புறம் தெரிந்துகொள்வதைவிட முன்னால் தெரிவது நல்லது.

ஊறுகாய் ஜாடிக்கும் முழு உடம்பையும் சுற்ற வேண்டியதில்லை. யாரும் திறக்கவில்லை என்று காட்ட மூடிக்கு ஒரு பட்டை போதும். மூடியின் விட்டம் 7 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 22. குழாய் மாதிரி வரும் ஸ்லீவைத் தட்டையாக மடித்தால் அதில் பாதி, 11 சென்டிமீட்டர். மாட்ட இடம் வேண்டுமே, 3 மில்லிமீட்டர் சேர்த்து 113 மில்லிமீட்டர் அகலம் கேளுங்கள். வெட்டு உயரம் நாலரை சென்டிமீட்டர். 40 மைக்ரான் பிவிசியில் ஒன்று அரை கிராமுக்குச் சற்று மேல்தான், ஒரு கிலோவில் 1800 ஜாடிக்கு மேல் போடலாம். வாடிக்கையாளருக்கு வேண்டிய நம்பிக்கை அந்த அரை கிராமிலேயே கிடைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். மினுமினுப்புக்காக மொத்த ஜாடியையும் சுற்றுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

வங்கிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்டாக் ஸ்டேட்மென்டில் 'பேக்கிங் மெட்டீரியல் 80,000' என்று வருகிறது. மார்ஜின் கழித்து, அதற்கும் டிராயிங் பவர் கொடுத்துவிடுகிறோம். அதில் பாதி, போன வருஷத்துப் பெட்டிக்கு வாங்கிய ரோலாக இருக்கலாம். பெட்டி மாறியிருக்கும், ரோல் மூலையில் கிடக்கும், மதிப்பு மட்டும் புத்தகத்தில் குறையாமல் நிற்கும். இன்ஸ்பெக்‌ஷன் போகும்போது ரோல் அகலத்தையும் பெட்டியையும் டேப் வைத்து அளந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். பி.காம். இரண்டாம் வருடத்தில் மெட்டீரியல் யூசேஜ் வேரியன்ஸ் என்று ஒன்றைப் படித்தோமே, இத்தனை ஆக வேண்டும், இத்தனை ஆகியிருக்கிறது, வித்தியாசம் ஏன் என்று. தேர்வு முடிந்ததும் அதை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள்தான் நம்மில் பாதிப் பேர்.

கணக்குப் போட்டாயிற்று, 19 மைக்ரான் கேட்டு வாங்கியாயிற்று. வந்தது 19தானா என்று எப்படித் தெரியும்? மைக்ரோமீட்டர் எல்லாம் வேண்டாம். ரோலில் இருந்து சரியாக ஒரு மீட்டர் வெட்டி, நகைக்கடைத் தராசில் வையுங்கள். (இங்கே மானேக் சவுக்கில் பகலில் போனால் தராசு, ராத்திரி போனால் சாப்பாடு.) 30 சென்டிமீட்டர் சென்டர் ஃபோல்ட் என்றால் இரண்டு படலமும் சேர்ந்து 0.6 சதுர மீட்டர். பாலியோலிஃபின் 19 மைக்ரானுக்குப் பத்தரை கிராம் காட்ட வேண்டும். 12 கிராம் காட்டினால் தடிமன் கூட, கிலோவுக்கு 272 பெட்டி என்பது 238 ஆகிவிடும். ரோலின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாயின் எடையையும் கழித்துத்தான் பில் போடச் சொல்ல வேண்டும். முதல் தடவை கேட்கும்போது முறைப்பார்கள்.

டிஸ்கி: மேலே சொன்ன கிலோ விலைகள் கணக்குக்காக நானாக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். 5 சென்டிமீட்டர் கூடுதல் என்பதும் இந்த அளவுப் பெட்டிக்குத்தான். ரோல் வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் இரண்டு மீட்டர் மாதிரி கேட்டு, உங்கள் பெட்டியிலேயே சுற்றிப் பாருங்கள். பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனால் அங்கேயே சுற்றிக் காட்டுபவர்களும் உண்டு.